எழுத்தர்ப் பறவையின் பெயர் வரலாறு

பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பகுப்பது நம் இலக்கண மரபு. நன்னூலார் வகுத்த இப்பாகுபாடு தெளிவானதே எனினும், வழக்கினை நோக்குவார்க்கு ஓர் இடர்ப்பாடு தோன்றும். காரணம் பற்றி வழங்கத் தொடங்கிய பெயர், அக்காரணம் மறக்கப்பட்ட பின்னர் இடுகுறிபோல் நிற்கின்றது. அங்ஙனம் நின்ற பெயருக்குப் பின்வந்தோர் தத்தம் கல்விக்கும் விருப்பத்திற்கும் ஏற்பப் புதுக்காரணம் படைக்கின்றனர். சொல் ஒரு பொருளைக் குறித்தற்குரிய காரணம் பார்த்த அளவில் விளங்கித் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் உணர்த்தியுள்ளார். அதனை மறந்து இடர்ப்பட்டவர் தமிழ்நாட்டார் மட்டும் அல்லர். ஐரோப்பிய இயற்கை நூலார் ஆப்பிரிக்கப் பறவை ஒன்றன் பெயர்க்குக் காரணம் காணப் புகுந்து, பிழையொன்றை நூற்பெயராகவே நிலைபெறச் செய்த வரலாறு ஈண்டு ஆராயப்படும்.

அப்பறவை ஆங்கிலத்தில் ‘செக்ரட்டரி பேர்டு’ எனப்படும். ‘செயலாளர் பறவை’ எனத் தமிழிற் பெயர்த்து எழுதுதல் உண்டு. அம்மொழிபெயர்ப்புப் பொருந்துமா என்பதை இறுதியிற் காண்போம். அதுவரை ‘எழுத்தர்ப் பறவை’ என்றே குறிப்போம்.

சகாரா பாலைக்குத் தெற்கே, ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் மட்டுமே வாழ்வது இது. நம் நாட்டில் இல்லை. ஊனுண்ணும் பறவைகளுள் இதன் ஒழுகலாறு தனித்தன்மையுடையது. பருந்தும் வல்லூறும் வானில் வட்டமிட்டு இரைமேற் பாய்வன. இதுவோ நிலத்தில் நடந்தே வேட்டையாடும். நாளொன்றுக்கு 20 முதல் 30 கிலோமீட்டர் வரை புல்லிடையே நடந்து திரியும் என்பர். நாரையின் கால்களை ஒத்த நெடுங்கால்களும், கழுகினை ஒத்த வளைந்த அலகும், செம்மஞ்சள் நிறமான மயிரற்ற முகமும் உடையது. ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரம் வளரும். எடை நான்கு கிலோகிராம் அளவினது. உடல் சாம்பல் நிறம், தொடை கருமை. பிடரியில் நீண்ட கரிய இறகுகள் சில கொத்தாக நிற்கும். சினங்கொண்டவழி அவை விரிந்து எழும், ஏனைக் காலத்துப் பின்னோக்கித் தாழ்ந்து கிடக்கும். இவ்விறகுகளே பெயராராய்ச்சிக்கு முதலாவன.

இரையைக் காலால் மிதித்தும் உதைத்தும் கொல்லுதல் இதன் வழக்கம். இங்கிலாந்தில் பயிற்றி வளர்க்கப்பட்ட பறவை ஒன்றனை இரப்பர்ப் பாம்பொன்றை உதைக்கச் செய்து அளந்த ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. உதையின் விசை 195 நியூட்டன். அஃது அதன் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு. கால் இரைமீது படும் நேரம் ஒரு நொடியை ஆயிரம் கூறிட்டால் 15 கூறு மட்டுமே. நச்சுப் பாம்பை எதிர்ப்பதற்கு இவ்விரைவு இன்றியமையாதது. எனினும் பாம்பே இதன் உணவென்று கருதுதல் தவறு. வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளும் எலியினங்களுமே இது மிகுதியும் உண்பவை. பாம்பு அவற்றுள் ஒரு சிறுபகுதியே. மக்கள் கண்ணுக்கு வியப்பாகத் தோன்றுவது எதுவோ அதுவே பெயராகின்றது. அன்றாடம் நிகழ்வது பெயராதல் அரிது. வெட்டுக்கிளியை உண்பதற்காக ஒரு பறவைக்கு யார் பெயரிடுவர்?

இனி வரலாற்றுக்கு வருவோம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1652ஆம் ஆண்டு நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் நிறுவினர். அம்முனையிலிருந்து கும்பினி அலுவலர் ஒருவர் 1767ஆம் ஆண்டளவில் இப்பறவை ஒன்றனை உயிருடன் ஒல்லாந்துக்கு அனுப்பினார். அங்கு அரசத் தலைவரின் விலங்குக் காட்சிச்சாலையையும் இயற்கைப் பொருட் களஞ்சியத்தையும் மேற்பார்த்து வந்தவர் அர்னௌட் வாஸ்மார் என்பார். அவர் அதனை நோக்கி 1769ஆம் ஆண்டு விளக்கவுரை ஒன்று வெளியிட்டார். இப்பறவை பற்றிய முதல் அறிவியல் விளக்கம் அதுவே.

வாஸ்மார் இரண்டு பெயர்களைக் குறித்துள்ளார். முனையில் வாழும் ஒல்லாந்தர் இதனைச் ‘சகிட்டாரியஸ்’ என்று வழங்குவர் என்றார். அஃது இலத்தீனில் வில்லாளன் எனப் பொருள்படும் சொல். நம் சோதிட நூலார் தனுசு என்னும் இராசிக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயரும் அதுவே. பறவையின் நடை வில்லாளன் நடையை ஒத்தலின் அப்பெயர் பெற்றது என்று காரணமும் காட்டினார். மற்றொரு பெயர் ‘செக்ரெட்டாரியஸ்’ என்பது. வீட்டைச் சுற்றித் திரியும் தீங்குயிர்களை ஒழித்தற்பொருட்டு இப்பறவையைப் பழக்கி வளர்த்த உழவர்கள் இப்பெயரால் அழைத்தனர். இங்குத்தான் வாஸ்மார் தம் கருத்தொன்றைப் புகுத்தினார்: ‘செக்ரெட்டாரியஸ்’ என்பது ‘சகிட்டாரியஸ்’ என்பதன் சிதைவாகலாம் என்றார்.

இக்கருத்தினை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். இரு சொல்லும் ஒலியால் நெருங்கியவை. தமிழெழுத்தில் எழுதினால் அந்நெருக்கம் இன்னும் தெளிவாகும். இரண்டும் சகரத்தில் தொடங்கி, ககரமும் டகரமும் ரகரமும் அடுத்துவரச் செல்கின்றன. ஒன்றில் ஒரு ரகர மெய் மிகுந்துள்ளது; உயிரொலிகள் வேறுபட்டுள்ளன. ஒன்று மற்றொன்றன் திரிபு என்பது எவர்க்கும் தோன்றக்கூடியதே. எது எதன் திரிபு என்பதே வினா. கற்றோர் சொல்லைக் கல்லார் சிதைத்தனர் என்னும் விடை வாஸ்மாருக்கு இயல்பாக வந்தது. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. பொருள் விளங்காத அயற்சொல்லைப் பொதுமக்கள் தமக்குப் பழகிய சொல்லாக மாற்றிக்கொள்வது எம்மொழியிலும் காணப்படுவதே. ஒல்லாந்த உழவர்க்கு ‘செக்ரெட்டாரிஸ்’ என்பது பழகிய சொல். கும்பினி ஆட்சியில் அவையின் நடவடிக்கைகளை எழுதும் அலுவலர் அப்பெயரினர். ‘சகிட்டாரியஸ்’ அவர்க்குப் பழகாத இலத்தீன்.

ஆயின் இவ்விளக்கத்தில் ஒரு பெருங்குறை உள்ளது. உழவர் சிதைத்தற்கு அவ்விலத்தீன் சொல் அவர்க்கு எங்ஙனம் கிடைத்தது? வாஸ்மார் நூலுக்கு முன் இப்பறவைக்கு வழங்கிய இலத்தீன் நூற்பெயர் எதுவும் எடுத்துக்காட்டப்படவில்லை. கும்பினிக் குடியேற்றத்தின் கால்நடைப் பண்ணைகளில் வாழ்ந்தோர் ஒரு பறவையின் நடையைக் கண்டு, தம் தாய்மொழியில் வில்லாளனுக்குச் சொல் இருக்கவும் அதனை விடுத்து, இலத்தீனில் பெயரிட்டனர் என்பது நம்பற்கரியது. மறுதலையாக, கடல்கடந்து வந்த அலுவலர் வாயிலாகவோ கடிதம் வாயிலாகவோ ‘செக்ரெட்டாரியஸ்’ என்பது வந்து சேர, இலத்தீன் கற்ற ஒருவர் அதனைச் ‘சகிட்டாரியஸ்’ எனக் கேட்டார் அல்லது படித்தார் எனக் கொள்ளுதல் எளிது. பொருள் விளங்காத சொல்லைத் தமக்குப் பழகிய சொல்லாக்கும் இயல்பு உழவர்க்கு மட்டும் உரியதன்று; கற்றோர்க்குப் பழகிய சொற்கள் வேறு, அவ்வளவே. தென்னாப்பிரிக்கப் பேராசிரியர் இயன் கிளென் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இம்முடிபினையே கொண்டார். வாஸ்மார் கூறிய சிதைவு உண்மையே. அதன் திசைதான் தலைகீழ் என்பது அவர் கருத்து. யாமும் அதற்கு உடன்படுகின்றோம்.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய செய்தியன்று. இஞ்சியைக் குறிக்கும் வடசொல் ‘சிருங்கவேர’ என்பது. சிருங்கம் என்பது கொம்பு. ஆதலின் கொம்பு வடிவினது என்று அதற்குப் பொருள் கூறினர். பாலியில் ‘சிங்கிவேர’ என்னும் வடிவம் உள்ளது. கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’ என்றாயிற்று. இவற்றிற்கெல்லாம் மூலம் இஞ்சி, வேர் என்னும் திராவிடச் சொற்களே என்பது இன்று மொழிநூலார் பெரும்பாலோர்க்கும் உடன்பாடு. கொம்பு என்னும் பொருள் பின்னர்க் கற்றோர் ஏற்றியது. வேளாண் மக்களின் சொல்லைக் கற்றோர் தம் மொழிக்கேற்பத் திருத்தி, அத்திருத்தமே மூலமென்று காட்டிய நிகழ்ச்சி அங்கும் இங்கும் ஒன்றே. எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. இஞ்சியின் வழித்தடம் மொழிதோறும் வடிவங்களாற் காட்டப்படுகின்றது. வணிகம் சென்ற வழியும் தெரிகின்றது. மக்கள் வழக்கே மூத்தது என்னும் விருப்பம் மட்டும் சான்றாகாது. அவ்விருப்பம் நம்மிடம் மிகுதியாதலின் இதனை நமக்கே சொல்லிக்கொள்ளுதல் வேண்டும்.

வாஸ்மார் பிழை அவரோடு முடியவில்லை. 1779ஆம் ஆண்டு ஜான் பிரெடரிக் மில்லர் என்னும் ஆங்கில ஓவியர் இப்பறவையின் வண்ணப்படத்தைத் தம் தொகுப்பில் வெளியிட்டு, ‘பால்கோ செர்ப்பென்டாரியஸ்’ என்று இருசொற்பெயர் சூட்டினார். பின்மொழி பாம்பினைக் குறிக்கும் இலத்தீனடியாகப் பிறந்தது. 1783ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து யோகான் எர்மான், இது வல்லூறு இனத்தைச் சேர்ந்ததன்று எனக் கண்டு, தனிப் பேரினம் வகுத்தார். அதற்குச் ‘சகிட்டாரியஸ்’ என்னும் பெயரையே இட்டார். 1798இல் குவியே ‘செர்ப்பென்டாரியஸ்’ என்று வேறு பேரினப் பெயர் அமைத்தார். 1811இல் செருமானியரான இல்லிகர் ‘ஜிப்போகெரானஸ்’ என்றார். கழுகுநாரை என்பது அதன் பொருள். உருவத்தை நோக்கின் இவற்றுள் மிகப் பொருத்தமானது இல்லிகர் இட்டதே. ஆயினும் விலங்கியற் பெயரீட்டு விதிகளின்படி முந்தியதே நிற்கும். பொருளாற் பொருந்தாமை பற்றி ஒரு பெயரை நீக்குதல் இயலாது. ஆகவே இன்றும் இதன் நூற்பெயர் ‘சகிட்டாரியஸ் செர்ப்பென்டாரியஸ்’ என்பதே. முன்மொழி தவறாகக் கேட்ட சொல். பின்மொழி மிகைப்பட்ட செய்தி. இவ்விரண்டையும் கொண்டு உலகெங்கும் உள்ள அறிஞர் இப்பறவையை ஐயமின்றி அறிந்துகொள்கின்றனர். பெயர் தன் தொழிலைச் செய்தற்குக் காரணம் உண்மையாதல் வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல காட்டு கிடைத்தல் அரிது.

எர்மானைப் பற்றி மற்றொரு செய்தி ஈண்டுக் கூறத்தகும். ஆஸ்திரேலியாவில் சிரிப்பொலி போலக் கூவும் பெரிய மீன்கொத்தியினப் பறவை உண்டு. அதற்கு ‘நியூகினிக்கு உரியது’ எனப் பொருள்படும் சிற்றினப் பெயரை அதே 1783ஆம் ஆண்டு நூலில் இட்டவரும் அவரே. அப்பறவை நியூகினியில் இயற்கையாக வாழ்வதன்று. பிரெஞ்சுப் பயணியான பியேர் சொன்னரா 1776இல் வெளியிட்ட நியூகினிப் பயண நூல் விளைத்த பிழை அது. புதுச்சேரியில் பல்லாண்டு வாழ்ந்தவராதலின் சொன்னரா நமக்கு அயலார் அல்லர். நம் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியின் நூற்பெயரில் அவர் பெயர் இன்றும் நிற்கின்றது. அவரே அந்நூலில் எழுத்தர்ப் பறவை பிலிப்பைன் தீவுகளில் உள்ளதென்றும் எழுதிவிட்டார். அதனை நம்பி 1835இல் வில்லியம் ஆகில்பி என்பார் இலண்டன் விலங்கியற் கழகத்தில் இப்பறவை மூவினப்படும் என்றும், அவற்றுள் ஒன்று பிலிப்பைனுக்கு உரியது என்றும் உரைத்தார். அங்கு அத்தகைய பறவை இருந்ததற்கு வேறு சான்றே இல்லை. ஏட்டில் ஏறிய பிழை ஏட்டின் வழியாகவே பரவும்; காட்டிற்குச் சென்று பார்ப்பார் சிலரே.

‘செக்ரெட்டாரிஸ்’ என்பதே மூலமாயின், உழவர் அப்பெயரை ஏன் இட்டனர்? இதற்கு விடை கூறியவர் பிரெஞ்சு நாட்டுப் புபோன் பெருமகனார். 1780ஆம் ஆண்டு வெளிவந்த தம் பறவை நூற்பகுதியில், பிடரியில் நிற்கும் நீண்ட இறகுகளே இப்பெயர்க்குக் காரணம் என்றார். அக்காலத்து எழுத்தர் இறகுக் கோலால் எழுதுவர்; எழுதாத பொழுது அதனைக் காதின்மேற் செருகிக்கொள்வர். பறவையின் தலையிற் பின்னோக்கி நீட்டி நிற்கும் இறகுகள் அக்காட்சியை நினைவூட்டின. சாம்பல் நிற மேலங்கியும் முழங்கால் வரையிலான கரிய காற்சட்டையும் அணிந்து விறைப்பாக நடக்கும் அலுவலரைப்போல் இப்பறவை தோன்றும் என்று பிற்காலத்தார் மேலும் விரித்தனர். இறகுக் காரணமே வலியுடையது. உடைக்காரணம் அதனைத் துணைக்கொண்டு பின்னர்த் தோன்றிய அழகுரை என யாம் கருதுகின்றோம். அரசு அலுவலரைக் குறித்த உழவரின் எள்ளல் ஒன்றும் இதன்கண் ஒலிக்கின்றது போலும்.

இருநூறு ஆண்டு கழித்து வேறொரு விளக்கம் தோன்றிற்று. 1977ஆம் ஆண்டு அபர்தீன் பல்கலைக்கழகத்து இலரி பிரை என்பார், ஆங்கிலப் பெயர் பிரெஞ்சு ‘செக்ரெத்தேர்’ என்பதிலிருந்து வந்தது என்றும், அது ‘சக்ர் எத்தைர்’ என்னும் அரபுத் தொடரின் சிதைவு என்றும் கூறினார். ‘சக்ர்’ என்பது வல்லூறு. ‘தைர்’ என்பது பறவை. இக்கருத்துப் பலராலும் விரும்பப்பட்டது. காதிற் செருகிய இறகு என்னும் எளிய கதையினும், பாலைவழி வந்த அரபுச்சொல் என்பது கற்றோர் செவிக்கு இனிதாக இருத்தல் இயல்பே. அரபு வழங்கும் சூடானிலும் இப்பறவை வாழ்கின்றது. 1970 முதல் அந்நாட்டின் அரசச் சின்னமாகவும் உள்ளது. ஆதலின் அரபு மூலம் ஆராயாது தள்ளத்தக்கதன்று. ஆயின் அந்நாட்டார் அரபில் இதனை அழைக்கும் பெயர் ‘சக்ர் அல்ஜிதியான்’ என்பது. முன்மொழி ஒத்தது, ஒலியொப்புமைக்கு இன்றியமையாத பின்மொழி ஒவ்வவில்லை. இதனினும் வலிய மறுப்பைக் கிளென் எடுத்துக்காட்டினார்: பெயர் முதலில் ஏறியது ஒல்லாந்த ஏட்டில், பிறந்தது ஆப்பிரிக்காவின் தென்கோடியில். அரபிலிருந்து பிரெஞ்சுக்கும், பிரெஞ்சிலிருந்து பிறமொழிகட்கும் சென்றது என்பதற்கு இடைப்பட்ட ஆவணம் இல்லை. இரு சொற்கள் ஒலியால் ஒத்தல் ஐயுறுதற்குக் காரணமாகும்; துணிதற்குக் காரணமாகாது. உலகமொழிச் சொற்களை ஒலியொப்புமை ஒன்றே கொண்டு தமிழென நாட்ட விழையும் நம் நண்பர் சிலர்க்கும் இவ்விதி உரியது.

இவ்வழக்கில் ஒல்லாந்தம், இலத்தீன், பிரெஞ்சு, அரபு என நான்கு மொழிகள் நின்று வாதிடுகின்றன. அம்மண்ணின் மொழிகளுக்கோ இடமே அளிக்கப்படவில்லை. சூலு மக்கள் இதனை ‘இன்ட்டிங்கினோனோ’ என்பர். க்சோசா, சோத்தோ மொழிகளிலும் தனிப்பெயர்கள் உள. அவை எழுத்தரையோ வில்லாளனையோ நாடவில்லை. 2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கா தன் புதிய அரசச் சின்னத்தில் சிறகு விரித்த இப்பறவையைப் பொறித்தது. புல்வெளிகள் அழிதலால் எண்ணிக்கை குன்றி, 2020இல் அழியும் இடருக்கு உள்ளான இனமாக இது அறிவிக்கப்பட்டது.

இனித் தமிழ்ப்பெயர். ‘செயலாளர்’ என்னும் சொல் இக்காலத்துச் ‘செக்ரட்டரி’ என்பதற்கு ஏற்றதே. கழகச் செயலாளர், அரசுச் செயலாளர் என்னுமிடங்களில் எழுதுதல் என்னும் வினை புலப்படுவதில்லை. செயலை நடத்துதலே புலப்படுகின்றது. பறவைக்கு அப்பெயரை இட்டால் அது செய்யும் செயல் யாது என்று மாணவர் வினவுவர், விடையிராது. மூலச்சொல்லாகிய ‘செக்ரெட்டாரியஸ்’ மறைபொருள் எனப் பொருள்படும் இலத்தீன் அடியினின்று வந்தது; அரசனின் மறையுரைகளை எழுதுவோன் என்பது பொருள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘திருமந்திர ஓலை’ என்னும் அலுவற்பெயர் இதனோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துள்ளது. மந்திரம் என்பதும் மறைவாகச் சூழ்தலே. எனினும் ஓலையில் எழுதியவர் கையிலிருந்தது இரும்பு எழுத்தாணி, இறகன்று. பெயரின் பொருளைக் கொண்டால் காரணம் கெடுகின்றது. காரணத்தைக் கொண்டால் பொருளைச் சிறிது மாற்ற வேண்டியுள்ளது.

இதற்குத் தமிழே ஒரு வழி காட்டுகின்றது. ‘தூவல்’ என்பது பறவையின் இறகு; எழுதுகோலையும் அச்சொல்லாற் குறிப்பார் இந்நாளில் உளர். இறகும் எழுதுகோலும் ஒருசொல்லில் அடங்குதலின், ‘செவித்தூவற் பறவை’ என்றால் ஒல்லாந்த உழவர் கண்ட காட்சி முழுதும் தமிழில் நிற்கும். ஆயின் புதுத்தொடராதலின் வழக்கில் ஏறுதல் எளிதன்று. ‘எழுத்தர்’ என்பதோ அலுவலகத்தும் கடையிலும் வழங்கும் சொல். காதில் எழுதுகோல் செருகிய கணக்கரையும் நாம் கண்டிருக்கிறோம். ‘பருந்து’ என்று இறுதியிற் சேர்ப்பதை யாம் விரும்பவில்லை. இப்பறவை பருந்தின் குடும்பத்தினின்று வேறாகத் தனிக் குடும்பமாக வைக்கப்பட்டுள்ளது. ‘பால்கோ’ என்று மில்லர் இட்ட முன்மொழியை நான்கே ஆண்டுகளில் எர்மான் நீக்கியதும் அதனாலேயே. ஆகவே ‘எழுத்தர்ப் பறவை’ என்பதனையே இக்கட்டுரையில் ஆண்டுள்ளோம்.